பொன்னாத்தாள் போட்டுப் பார்த்த சாம்பிள்

திருப்பூர் மண்ணரையில் பொன்னாத்தாள் லைன் என்று கேட்டால் டீக்கடைக்காரர் கையிலிருக்கிற டம்ளரை நீட்டியே வழி காட்டிவிடுவார். ரயில் பெட்டி மாதிரி ஒரே வரிசையில் ஆறு வீடு. ஒவ்வொன்றிலும் ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. வாசலில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. குடியிருப்பது முக்கால்வாசி சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துச் சனங்கள். பனியன் கம்பெனிக்கு வந்தவர்கள்.

பொன்னாத்தாள் எனக்குச் சித்தி மகள். எங்கம்மாவும் அவளம்மாவும் மடத்துக்குளத்தில் பிறந்த அக்கா தங்கச்சிகள். அவர்களைப் பெற்ற அப்புச்சி அங்கே பத்துத் தறி வைத்திருந்தார். எங்கம்மாவை அவிநாசியில் கொடுத்தார்கள், சித்தியைத் திருப்பூரில் கொடுத்தார்கள். சித்திக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பொன்னாத்தாள், இளையவன் ஞானசம்பந்தம். பொன்னாத்தாளை மண்ணரைக் கந்தப்பனுக்குக் கொடுத்தது தொண்ணூறாம் வருசம் வைகாசியில். கல்யாணப் பந்தலில் மழை வந்து சாம்பாரில் தண்ணீர் விழுந்தது, எனக்கு நல்லா ஞாபகம்.

கந்தப்பன் கட்டிங் மாஸ்டர். நல்ல மனுசன், வாய் பேசமாட்டார், கத்திரிதான் பேசும். பொன்னாத்தாள் அதே கம்பெனியில் செக்கிங்கில் நின்றாள். தைத்து வருகிற பனியனில் ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பதினேழு வருசம். அந்தச் சம்பளத்திலும் சீட்டுப் பணத்திலும் ஒவ்வொரு வீடாகக் கட்டினார்கள். முதல் இரண்டு வீட்டுக்கு அவள் வளையல் போனது. மூன்றாவது வீடு அவர்கள் மகன் சரவணக்குமார் பள்ளிக்கூடம் சேர்ந்த வருசம். ஆறாவது வீட்டுக்குத் தளம் போட்ட அடுத்த மாசம் கந்தப்பன் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தார். சிமெண்டு பூச்சு அவர் பார்க்கவில்லை.

அதனால் அந்தச் சுவர்கள் மேல் அவளுக்கு ஒரு இது. ஆணி அடிக்கக் கூடாது. வீடு கேட்டு வருகிறவர்களிடம் அட்வான்ஸ் எவ்வளவு என்று சொல்வதற்கு முன்னாலேயே ஆணியைச் சொல்லிவிடுவாள். "காலண்டர் மாட்டோணும்னா ஜன்னல் கம்பில மாட்டிக்கோங்க. செவுத்துல சுத்தியல் சத்தம் கேட்டுதுன்னா நான் வந்துருவேன்." முதல் வீட்டில் பதினாலு வருசமாகக் குடியிருக்கிற மூக்கம்மாள், "எங்கக்கா செவுத்துக்கு ஊசி போட்டாக்கூட அவுகளுக்குத்தான் வலிக்கும்" என்று சிரிப்பாள். மூக்கம்மாளுக்குச் சாத்தூர். அவள் புருசன் குருசாமி டெய்லர். மகள் ஜோதிகா போன வருசம் பன்னிரண்டாவது படித்தாள்.

இனி சரவணக்குமாரைச் சொல்ல வேண்டும். ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. கெட்ட பையன் இல்லை. ஆர்டர் குறைந்துகொண்டு வருகிறது, நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ என்று அவனுக்குள் ஒரு பயம். அம்மா இந்த வயதிலும் மோட்டார் ஓடவில்லை என்று பிளம்பர் பின்னால் அலைகிறாளே என்றும் ஒரு வருத்தம்.

போன வருசம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மாமா, நீங்களே சொல்லுங்க. ஆறு ஊடு சேர்ந்து மாசம் இருபத்தேழாயிரம். அதுல தண்ணி லாரி, மோட்டார், செப்டிக் டேங்க். வருசம் பூரா அம்மா கத்திக் கத்தி வாங்கி என்ன மிச்சம்? இடத்துக்கு எழுபது லட்சம் குடுக்கறேன்னு ஒரு புரோக்கர் நிக்கறான்."

"வித்துப்போட்டு?"

"ஞானசம்பந்தம் மாமா மடத்துக்குளத்து ஊட்ட வெலைக்குக் குடுக்கறேன்றாரு. தென்னந்தோப்போட. அதை நாள் வாடகைக்கு விடலாம். அமராவதி டேம் பாக்க வாரவங்க, திருமூர்த்தி மலைக்கு வாரவங்க, பழனிக்கு வாரவங்க. செல்போன் ஆப்புல போட்டா பெங்களூர்க்காரன் புக் பண்ணுவான். ஒரு நாளைக்கு மூவாயிரத்து ஐநூறு, சனி ஞாயிறு ஐயாயிரம்."

அந்த வீடு எங்கள் அப்புச்சி வீடுதான். தறியெல்லாம் போன பிற்பாடு அது ஞானசம்பந்தத்துக்கு வந்தது; அவன் அதை இடித்து மாடி வைத்துக் கட்டினான். இப்போது கோயமுத்தூரில் மகளோடு இருக்கிறான். வீடு இரண்டு வருசமாகப் பூட்டிக் கிடந்தது. பழனி போகிற ரோட்டு மேலேயே.

பொன்னாத்தாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "நாள் வாடகைக்கு ஆள் வராட்டி?"

"வருவாங்கம்மா."

"லைன்ல ஆள் இருக்குது கண்ணு."

"கொரோனாவுல இருந்துச்சா? ஆறு கதவும் பூட்டு தொங்குச்சு. அஞ்சு மாசம்." அவன் சொன்னதும் உண்மைதான்.

சைட் வாங்கிப் போட்டால் என்ன என்று நான் வாயைக் கொடுத்தேன். பொன்னாத்தாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கந்தப்பனின் அண்ணன் காங்கயம் ரோட்டில் சைட் வாங்கிப் பதினைந்து வருசம் ஆகிறது. விலை ஏறிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள், வாங்க மட்டும் ஒருத்தரும் வரமாட்டேன் என்கிறார்கள். கல்லை யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று மாசம் ஒரு தரம் ஓடுகிறார். "அண்ணா, அவரு அந்த சைட்டுல இதுவரைக்கும் அறுவடை பண்ணது வேலிக்கருவேல முள்ளுதான்" என்றாள். வீட்டை ஒத்திக்கு விட்டால் மொத்தமாகப் பணம் வரும், மூன்று வருசம் கழித்து மொத்தமாகத் திருப்பித் தர வேண்டும்; கையில் வந்த பணம் அதுவரைக்கும் சும்மா இருக்குமா என்று அதையும் தள்ளிவிட்டாள்.

கடைசியில் கீரைத்தண்டைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள். "ஏங்கண்ணு, உங்க கம்பெனில பையர் ஆர்டர் குடுத்தா நேரா துணியில கத்திரி வெச்சுருவீங்களா?"

"அதெப்படிம்மா? சாம்பிள் தெச்சு அனுப்போணும். அவங்க பாத்து கமெண்ட் போட்டு, ஓகேன்னு வந்தாத்தான் கட்டிங்."

"அப்ப எம்பட லைனு எழுபது லட்ச ரூவாத் துணி. சாம்பிள் போடு, பாக்கலாம்."

அவன் தொழிலையே எடுத்து அவன் மேல் போட்டுவிட்டாள். மார்கழி, தை, மாசி மூன்று மாசத்துக்கு ஞானசம்பந்தத்திடம் வாடகைக்கு வாங்கி நடத்திப் பார்ப்பது; நின்றால் லைனை விற்பது, நிற்காவிட்டால் அந்தப் பேச்சே எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. எந்தெந்தத் தேதிக்கு என்ன வாடகை என்று மூன்று மாசத்துக்கும் அட்டவணை போட்டு அம்மாவிடம் காட்டினான். தேதியெல்லாம் இங்கிலீஷில் வரிசையாக இருந்தது. நடுவில் ஆறு நாள் மஞ்சள் பூசி எட்டாயிரம் என்று போட்டிருந்தான். "அது சீசன்மா" என்றான். அவளும் விரலை வைத்துக் கூட்டிப் பார்த்து, சரி என்றாள். நானும் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

மார்கழி முதல் தேதி பொன்னாத்தாள் மடத்துக்குளம் போய்விட்டாள். பின்னால் இருந்த சின்ன ரூமில் அவள் தங்கிக்கொண்டாள், முன் வீடு முழுக்க வருகிறவர்களுக்கு. ஏற்றுமதியில் மிஞ்சிய துணியில் படுக்கை விரிப்பு தைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒரு விரிப்பிலும் ஒரு பிசிறு இருக்காது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் சரவணக்குமார் பைக்கில் வருவான். ஞாயிறு முழுக்கப் பாத்ரூம் கழுவுவான். ஆபீசில் சட்டை கசங்காமல் உட்காருகிறவன், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரஷ்ஷும் பக்கெட்டுமாய் நின்றதை நானே பார்த்தேன்.

ஆட்கள் வந்தார்கள், இல்லையென்று சொல்லக் கூடாது. சனி ஞாயிறு ஒன்று விடாமல் நிறைந்தது. புதன், வியாழன் காலி. வருகிறவர்கள் போகும்போது செல்போனில் ஸ்டார் போட வேண்டுமாம். ஒருத்தர் சுடுதண்ணி வரத் தாமதம் என்று ஒன்று குறைத்தார். இன்னொரு அம்மா காலையில் மயில் கத்துகிறது, தூங்க முடியவில்லை என்று ஒன்று குறைத்துவிட்டாள்.

"பாருங்கண்ணா, முருகனோட வாகனத்துக்கே மார்க் போடறாங்க" என்று பொன்னாத்தாள் சிரித்தாள்.

ஆனாலும் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது, பொய் சொல்லக் கூடாது. வந்தவர்கள் இளநீர் கேட்டால் வெட்டிக் கொடுப்பாள், குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுப்பாள். ஒன்றே ஒன்றுதான் சொல்வாள்: "பேரு தெரியறதுக்குள்ள கெளம்பிப் போயிடறாங்கண்ணா."

இதற்குள் மண்ணரையில் பேச்சு பரவிவிட்டது. புரோக்கர் இரண்டு தரம் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனால் லைனில் இருக்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? கடைசி வீட்டுக்காரர்கள் வீரபாண்டிப் பக்கம் வேறு வீடு தேட ஆரம்பித்தார்கள். மூக்கம்மாள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

தைப்பூசம் பிப்ரவரி பதினொன்று. எட்டாம் தேதி சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். மறுநாள் மதியம் பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது, இரண்டு நாள், நாள் ஒன்றுக்கு எட்டாயிரம். பொன்னாத்தாள் விரிப்பெல்லாம் மாற்றிவிட்டு வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். ரோட்டில் காலையிலிருந்தே பாத யாத்திரைக் கூட்டம். பச்சை வேட்டி, காவி வேட்டி, தோளில் காவடி, காலில் துணிச் சுற்று.

ஒரு கூட்டம் கேட்டுக்கு முன்னால் நின்றது. நாற்பது பேர் இருக்கும். முன்னால் வந்தவர் வயசானவர், குதிகால் வெடித்து ரத்தம். கேட்டில் சரவணக்குமார் ஒரு போர்டு கட்டியிருந்தான், நாள் வாடகைக்கு வீடு விடப்படும் என்று. அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு மடியைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"ஏனுங்க அம்மணி, வாசல்ல படுத்துக்கறதுக்கு ஆளுக்கு எவ்வளவுங்க?"

பொன்னாத்தாள் கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டாள். அந்த வாசலில் பூச நடைக்காரர்களிடம் யாரும் காசு கேட்டதில்லை. அப்புச்சி பூசத்தோடு சேர்த்து ஆறு நாளும் தறியை நிறுத்திவிடுவார். வீட்டு ஆம்பிளைகள் தண்ணீர் சுமக்க வேண்டும், பொம்பிளைகள் கூழ் காய்ச்ச வேண்டும். பழனிக்குப் போகிறவனிடம் ஒரு வாய் தண்ணீருக்குக் காசு வாங்கினால் அந்த வருசம் தறியில் உட்காரக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் கட்டு. தறி போன வீடுகளிலும் அந்தக் கட்டு போகவில்லை. எங்களுக்குத் தெரியாததா? அட்டவணையில் பிப்ரவரி ஆறு முதல் பதினொன்று வரை என்று இருந்ததே தவிர, அது தைப்பூச நடை என்று எங்கள் இரண்டு பேர் தலையிலும் ஏறவில்லை.

"காசெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சாமி. உள்ள வாங்க" என்றாள். பல்லால் கடித்துக் கயிற்றை அறுத்துப் போர்டைக் கழற்றித் தென்னை மரத்தில் சாய்த்து வைத்தாள்.

கூட்டம் உள்ளே வந்தது. கடைசியாக வந்த ஆள் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். குருசாமி, மூக்கம்மாள் புருசன். மண்ணரைக் கூட்டம் அது. வருசம் தவறாமல் நடக்கிறவன்.

"அக்கா! நீங்களா? இது யார் வீடுக்கா?"

"எங்க அப்புச்சி ஊடு குருசாமி. உக்காரு. காலு எப்படி வீங்கியிருக்குது பாரு."

அன்றைக்கு முன் வீட்டையும் திறந்துவிட்டாள். பிசிறு இல்லாத விரிப்புகள் மேல் செருப்பில்லாமல் நடந்த கால்கள் படுத்தன. பெரியவருக்கு அவளே மஞ்சள் அரைத்துக் குதிகாலில் வைத்தாள்.

விடிகிற நேரம் எல்லாரும் கிளம்பினார்கள். குருசாமி மட்டும் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு பின் தங்கினான்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிடாதீக. லைனை வித்துட்டீகளா?"

அவள் கீழே கிடந்த விரிப்புகளைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"வித்தா வித்துட்டுப் போங்க, உங்க சொத்து. மூக்கம்மா உங்கள்ட்ட கேக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்கா. பிள்ளைக்கு மார்ச்ல பரீட்சை. அது முடியற வரைக்கும் இருக்க விட்டா போதும்."

"நீ போயி முருகனப் பாத்துட்டு வா. பொறவு சொல்றேன்" என்றாள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். முகத்தில் தெளிச்சல் இல்லை.

எட்டு மணிக்குச் சரவணக்குமார் வந்தான். ஈர விரிப்புகள் கொடியில் வரிசையாகத் தொங்கின. தரையெல்லாம் மஞ்சள் கறை.

"அம்மா! மதியம் பெங்களூர்க்காரங்க வராங்க!"

"அவங்களுக்கு வேற எடம் பாத்துக் குடு கண்ணு. பூசம் முடியற வரைக்கும் இந்தக் கதவு அடைக்க முடியாது."

"நாமளா கேன்சல் பண்ணுனா ஸ்டார் போயிரும். அபராதம் போடுவான். இந்த மூணு மாசத்துல லாபமே இந்த ஆறு நாள்தாம்மா! இத எடுத்துட்டா கையைக் கடிக்குது!"

"அப்ப நீ காமிச்ச கணக்குல பூராவும் முருகன்கிட்ட வாடகை வாங்கியிருக்கறமா?"

அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். "இத அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?" என்றான்.

"சொல்லியிருக்கோணும். இங்கிலீஷ் தேதியா இருந்துச்சு, எனக்குப் பூசம்னு ஒறைக்கல. தப்பு எம்மேலயுந்தான் சாமி."

பெங்களூர்க் குடும்பத்துக்கு உடுமலையில் ஒரு லாட்ஜ் பிடித்துக் கொடுத்தான். அதில் கூடுதலாக ஆன செலவை இவனே கட்டினான். ஸ்டார் குறைந்தது. அதற்குப் பிறகு அவன் என்ன செய்தான் தெரியுமா? சட்டையைக் கழற்றிவிட்டுப் பக்கெட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனான். பதினொன்றாம் தேதி வரைக்கும் லீவு சொல்லிவிட்டு நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றினான். யாரும் சொல்லவில்லை.

மாசி கடைசியில் சாம்பிள் முடிந்தது. கோயமுத்தூரிலிருந்து ஞானசம்பந்தமும் வந்தான். பொன்னாத்தாள் மகனைப் பார்த்துச் சொன்னாள்:

"உன்ற சாம்பிள் நான் தள்ளல கண்ணு. கமெண்ட் போடறேன், எழுதிக்க. ஊடு ஞானசம்பந்தத்துதாவே இருக்கட்டும். நீ நடத்து, வாரதுல பாதி உனக்கு, பாதி அவனுக்கு. வாராவாரம் ரெண்டு நாள் ரொம்புதில்ல, அதுக்கு அது போதும். தையில ஆறு நாளு இப்பவே அடைச்சு வெச்சுரு. லைனத் தொடாதே. அது மாசாமாசம் சோறு போடுது. இது வந்தா வருது. சோத்த வித்துப்போட்டு இதுமேல உக்கார எனக்குத் தைரியம் இல்ல."

"எழுபது லட்சம்மா" என்றான் சரவணக்குமார், அதுவும் மெதுவாக.

"இருக்கட்டும். அங்கயேதான இருக்குது, ஓடியா போயிரும்?"

ஞானசம்பந்தம், "அக்கா, பூட்டிக் கெடந்ததுக்கு இது எவ்வளவோ தேவல" என்றான். அவன் தலையாட்டியதும் சரவணக்குமார் லேப்டாப்பைத் திறந்து அடுத்த தையைத் தேடி ஆறு நாளை அடைத்தான். மஞ்சளை எடுத்துவிட்டுச் சிவப்புப் பூசினான். கோபம் முழுசாகப் போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை. ஆனால் சனிக்கிழமை தவறாமல் மடத்துக்குளம் போகிறான்.

அடுத்த ஞாயிறு பொன்னாத்தாள் மண்ணரையில் வாடகை வாங்கப் போனாள். சனிக்கிழமை கம்பெனியில் சம்பளம், ஞாயிறு காலையில் வாடகை, அதுதான் அங்கே முறை. முதல் வீட்டில் ஜோதிகா தரையில் புத்தகத்தைப் பரப்பிவைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் மாவு டப்பா மேல் சாய்ந்தாற்போல் ஒரு முருகன் படம், கண்ணாடி போட்டது. பழனியில் வாங்கினது. குருசாமி கொண்டுவந்து ஒரு மாசம் ஆகிறது.

"என்ன மூக்கம்மா, சாமியக் கொண்டாந்து மாவு டப்பா மேல உக்கார வெச்சுருக்கற?"

மூக்கம்மாள் முந்தானையை இழுத்துக்கொண்டாள். "இல்லக்கா, எந்த வீட்டுக்குப் போவோமோ, அங்க மாட்டிக்கிடலாம்னு..."

"எங்கயும் போக வேண்டாம். லைன நான் விக்கல."

ஜோதிகா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "நெசமாவா பெரியம்மா?" என்றாள்.

"நெசமாத்தான். நீ படி."

வாடகைப் பணத்தை எண்ணாமல் பைக்குள் போட்டுக்கொண்டு பொன்னாத்தாள் வாசல் வரைக்கும் வந்தாள். அங்கே நின்று திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். கந்தப்பன் நின்று பூசவைத்த முதல் வீட்டுச் சுவர்.

"குருசாமி எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்காகக்கா."

"வந்தான்னா சுத்தியல் வாங்கியாரச் சொல்லு. ஆணி ஒண்ணு அடிச்சுக்கங்க." இரண்டு அடி போனவள் திரும்பி வந்தாள். "பாத்து அடிக்கச் சொல்லு. பூச்சு உதுந்துறப் போகுது."